ஓரிதழ் தாமரையின் நிறம்

இன்று காலை பழைய பேப்பர்காரர் வந்தார். தெருமுனையில் அவர் குரல் கேட்டதும் நானே கதவைத் திறந்துகொண்டு போய்க் கூப்பிட்டேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே கேட்டார்.

"இன்னாம்மா, மெய்யாலுமே கூப்ட்டீங்களா? இந்தத் தெருவுல எல்லா வூட்லயும் பேப்பர் எடுத்துக்கீறேன். உங்க வூட்ல மட்டும் ஒரு துண்டு கெடைச்சதில்ல. சாரு அத்தினியும் துன்னுட்றாரா இன்னான்னு நெனச்சிக்குவேன்."

சிரித்துவிட்டேன். பிறகுதான், "சார் இல்லப்பா இப்போ" என்றேன்.

"தெரியும்மா. சொன்னாங்க. அதான் இந்தப் பக்கம் வந்தா கொரலக் கொஞ்சம் கொறச்சிகினு போவேன்" என்றார், தராசைப் பார்த்தபடி.

பின்னறையிலிருந்து கட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். தராசில் ஏற்றும்போது ஒரு தாள் நழுவி விழுந்தது. ஏதோ தேர்தல் செய்திக்கு மேல் ஒரு முழுச் செடியின் வடிவம் பழுப்புக் கறையாகப் படிந்திருந்தது. தண்டு, கிளை, மாறி மாறி அமைந்த இலைகள், புரட்டி வைத்த ஓர் இலை. "இன்னாம்மா இது, எண்ணெயா?" என்றார். செடி என்றேன். அந்த ஒரு தாளை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அதை முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் எழுதிய ஒரு சொல் சரியா, தவறா என்று போன மாதம் என்னிடம் கேட்டார்கள். உங்களுக்குப் பதிலாக நான் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நம் வீட்டுக்கு இரண்டு செய்தித்தாள் வந்தது தெருவுக்கே வேடிக்கை. ஒன்று படிக்க, ஒன்று செடிக்கு. செடிக்கு வாங்குவதில் படிக்க ஒன்றும் இருக்காது, ஆனால் அந்தத் தாள்தான் ஈரத்தை நன்றாக இழுக்கும் என்பீர்கள். கொண்டுவந்த செடியைத் தாள்களுக்கு நடுவே பரப்பி, மரச் சட்டங்களுக்கிடையில் அடுக்கி, வாரால் இறுக்குவீர்கள். மறுநாள் ஈரமான தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாள் வைக்க வேண்டும். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒரு நாள் விட்டாலும் பூஞ்சை பிடித்துவிடும். மொட்டைமாடிக் கொடியில் உங்கள் வேட்டிக்குப் பக்கத்தில் செய்தித்தாள்கள் காய்ந்துகொண்டிருக்கும். "என்ன டீச்சர், உங்க வீட்டுக்கு மட்டும் நியூஸ் நனைஞ்சு வருதா?" என்று பக்கத்து மாடியிலிருந்து கேலி வரும்.

செடி முழுக்கக் காய்ந்த பின், தடித்த வெள்ளைத் தாளில் அதை வைத்து ஒட்டுவதும், தண்டைச் சுற்றி நூலால் தைப்பதும் என் வேலை. வலது மூலையில் சீட்டு ஒட்டுவது உங்கள் வேலை. செடியின் பெயர், கிடைத்த இடம், நாள், மண், உயரம், பூவின் நிறம். "செடி காஞ்சா இலை நிக்கும், வேர் நிக்கும், விதை கூட நிக்கும். நிறம் மட்டும் நிக்காது. அது நம்ம கையெழுத்துலதான் இருக்கும்" என்பீர்கள்.

அந்த நிறம்தான் இப்போது கேள்வியாக வந்து நின்றது.

கல்யாணமான புதிதில் மாமல்லபுரம் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் சிற்பங்களைப் பார்க்கப் போக, நீங்கள் என்னைப் பாறைகளுக்குப் பின்னாலிருந்த புதருக்குள் அழைத்துப் போனீர்கள். "எவ்ளோ வெட்சிங்க!" என்றேன். புதர் முழுக்கச் சிவப்பு. நீங்கள் அதற்கு எதிரிலேயே நின்றுகொண்டு, "எங்க?" என்றீர்கள். கேலி செய்கிறீர்கள் என்று நினைத்தேன். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிற மனிதர், மூக்குக்கு நேரே பூத்துக் கிடப்பதைப் பார்த்து எங்கே என்று கேட்டால் வேறென்ன நினைப்பது?

பாறையில் உட்கார்ந்துதான் சொன்னீர்கள். பச்சையும் சிவப்பும் உங்களுக்கு ஒன்றுபோலத் தெரியும். ரோஸ் என்பது வெள்ளையின் அழுக்கு. பிறவியிலிருந்தே அப்படி. "காலேஜ்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா சிரிப்பாங்க. உனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"அப்ப எப்படிங்க செடியைக் கண்டுபிடிக்கிறீங்க?"

ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, என் மூக்கருகே நீட்டினீர்கள். இன்னொன்றின் விளிம்பை என் விரலால் தடவ வைத்தீர்கள். "நிறத்தைப் பாக்குறவங்க அதோட நின்னுடுவாங்க. எனக்கு அந்த வசதி இல்ல. மிச்சம் எல்லாத்தையும் பாத்தாகணும்."

அன்றிலிருந்து நான் உங்களோடு வரத் தொடங்கினேன். என் வகுப்பில் பலகை சரியாகத் தெரியாத பிள்ளை ஒன்று இருந்தால், அதன் பக்கத்தில் உரக்கப் படிக்கிற பிள்ளையை உட்கார வைப்பேன். ஒன்று படிக்கும், ஒன்று எழுதும். கடைசியில் அந்தப் பிள்ளையின் நோட்டில்தான் பிழையே இருக்காது. நாமும் அப்படித்தான் இருந்தோம். கடப்பாக்கத்துக் கோட்டை ஓரம், கழிமுகம், கோயில்களை ஒட்டிய சின்னச் சின்னக் காடுகள் என்று விடுமுறைகளெல்லாம் போயின. நீங்கள் மண்டியிட்டு உட்கார்ந்து, என்னைப் பார்க்காமலே கேட்பீர்கள்: "சொல்லு."

"சிவப்பு."

"எந்தச் சிவப்பு? செங்கல்லா, மிளகாயா?"

"ரெண்டும் இல்ல. பீட்ரூட் பொரியல் வெச்ச தட்டுல ஒட்டிக்கிட்டு இருக்குமே, அது."

அப்படியே எழுதுவீர்கள். ஒரு முறை வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் நம் தாள்களைப் பார்க்க வந்து, 'தண்ணீர் அதிகமாகிவிட்ட ரோஸ்மில்க்' என்று ஒரு சீட்டில் இருந்ததைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. நீங்கள் அசரவில்லை. "ஸார், அந்த ரோஸ்மில்க்கை உங்களால இப்பவும் பாக்க முடியுதா, இல்லையா? வெறும் ரோஸ்னு எழுதியிருந்தா முடியுமா?" என்றீர்கள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார்.

ஒவ்வொரு சீட்டிலும் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டுப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுவீர்கள். "உன் பேரைப் போட்டுடவா?" என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு செடிக்குக்கூட லத்தீன் பெயர் தெரியாது, யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பேன். "கேட்டா நிறம் சொல்லு" என்பீர்கள். நான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. நீங்களும் கடைசிவரை இடம் விடுவதை நிறுத்தவில்லை.

இனி சதுரங்கப்பட்டினத்துக்கு வருகிறேன்.

எனக்குக் கண்புரை அறுவை நடந்த அந்த மழைக்காலம். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணிலும் புகைமூட்டம். தூசி படக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மழை விட்டு வெயில் வந்ததும் உங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோட்டைக்குப் பின்னால் மணலில் பூத்திருக்கும், நாலு நாளில் போய்விடும் என்று ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தீர்கள். போய்விட்டு வாங்களேன் என்று நான்தான் அனுப்பினேன். நான் இல்லாமல் நீங்கள் போனது அந்த ஒரு தடவைதான்.

பிற்பகல் திரும்பி வந்து, கட்டிலருகே உட்கார்ந்து, சின்னச் செடி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தீர்கள். தடவிப் பார்த்தேன். ஓரிதழ் தாமரை. ஒற்றை இதழ் மட்டும் பெரிதாக நாக்கு நீட்டியதுபோல் இருக்கும் பூ. வெயிலில் அது ஏற்கெனவே சுருங்கியிருந்தது.

"இன்னைக்கு நான் சொல்றேன், நீ கேட்டுக்கோ" என்றீர்கள். "வெள்ளை."

"உங்களுக்கு ரோஸ் எல்லாமே வெள்ளைதானே" என்று சிரித்தேன். அது ரோஸ் நிறப் பூ என்று ஊருக்கே தெரியும். நீங்கள் வாதாடவில்லை. பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது. என் கட்டைப் பிரித்தபோது அந்தப் பூ செய்தித்தாளுக்குள் பழுப்பாகிப் போயிருந்தது.

அடுத்த கோடையில் நீங்களும் போய்விட்டீர்கள். காலையில் வாரை இழுத்து இறுக்கிவிட்டு, மூச்சு வாங்குகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்புறம் வீடு முழுக்க ஆட்கள், சடங்குகள், சாப்பாட்டு இலைகள். நான் அழவில்லை என்று உங்கள் அக்காவுக்குக் கவலை. யார் எது சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். காரியமெல்லாம் முடிந்து, எல்லாரும் கிளம்பிப் போன பிறகுதான் பின்னறைக்குப் போனேன். நீங்கள் இறுக்கிய வார் அப்படியே இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். இத்தனை நாளில் யாருக்கும் தாள் மாற்றத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. செடிகளெல்லாம் கறுத்து, மேலே சாம்பல் நிறத்தில் பூஞ்சை முடி முளைத்திருந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. உங்கள் கைபட்ட கடைசிச் செடிகளில் எது எது என்று பிரித்துச் சொல்லக்கூட என்னால் முடியவில்லை. தரையில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் அழுதேன்.

மிச்சத் தாள்களையெல்லாம் நீங்கள் சொல்லி வைத்திருந்தபடியே சென்னையில் ஒரு கல்லூரியின் தாவரத் தொகுப்புக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே நிவேதா என்று ஒரு பெண் ஆராய்ச்சி செய்கிறாள். ஒவ்வொரு தாளையும் படம் பிடித்து, சீட்டில் இருப்பதைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. படூரில் குடியிருக்கிறாள். போன மாதம் போன் செய்தாள்.

"மேடம், சதுரங்கப்பட்டினம் ஓரிதழ் தாமரைல ஸார் வெள்ளைன்னு எழுதியிருக்காங்க. அது நிஜமா இருந்தா ரொம்ப அபூர்வம். நான் எழுதுற கட்டுரையில சேர்க்கணும். ஸார் நிறம் எழுதுறதுல தப்பே பண்ண மாட்டாங்கன்னு தெரியும், ஒரு தடவை கேட்டுக்கலாம்னுதான்."

போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. உங்கள் பெயர் அச்சில் வரும். ஆனால் பிள்ளைகளிடம் வாழ்க்கை முழுக்க, தெரியாததைத் தெரியாது என்று சொல் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். தெரியாது என்று சொல்ல வேண்டுமென்றால், ஏன் தெரியாது என்றும் சொல்லியாக வேண்டும். எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நீங்கள் சொன்னதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

"அப்போ மத்த தாள்கள்ல இருக்கிற நிறமெல்லாம்?" என்றாள் மெதுவாக. எத்தனை வெயில், எத்தனை முட்டிவலி, அத்தனையும் ஒரு கேள்விக்குக் கீழே வந்துவிட்டது. "அதெல்லாம் நான் பார்த்துச் சொன்னதும்மா. இந்த ஒண்ணுதான் அவர் பார்த்தது" என்றேன்.

"அப்போ உங்க பேர் ஏன் மேடம் எங்கயுமே இல்ல?"

பேச்சைச் சதுரங்கப்பட்டினத்துக்கே திருப்பினேன்.

வெள்ளைச் செடி இன்னும் அங்கே இருந்தால் விஷயம் தீர்ந்துவிடும் என்றாள். இரண்டு நாள் பெய்த மழை விட்டிருந்தது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக நாம் போகிற அதே பஸ்ஸில் நானும் அவளும் போன வாரம் போனோம். கோட்டைக்குப் பின்னால், நீங்கள் சீட்டில் குறித்திருந்த மணல் இப்போது இல்லை. அங்கே சிமென்ட் தளம் போட்டு வலை காயப் போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் தேடினோம். சவுக்குத் தோப்பு ஓரம் சில செடிகள் கிடைத்தன. எல்லாம் ரோஸ். "தண்ணீர் அதிகமாகிவிட்ட ரோஸ்மில்க்" என்று என் வாய் தானாகச் சொல்லிற்று. நிவேதா சிரிக்காமல் அதை எழுதிக்கொண்டாள்.

தளத்தின் ஓரத்தில் ஒரு மீனவப் பெண்மணி நெத்திலியை ஆய்ந்துகொண்டிருந்தார். செங்கேணி என்று பெயர். எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"இன்னாம்மா தொலைச்சிட்டீங்க, கம்மலா?"

"இல்லம்மா. பூ தேடுறோம்."

"பூவா! பூவுக்கு மார்க்கெட்டுக்குப் போவாம மண்ணுல தேடுறீங்களே!" என்று சிரித்தவர், கையை நிறுத்தினார். "இப்டித்தான் ஒரு பெரியவரு வந்தாரு. தோள்ல ரெண்டு பலகையக் கட்டி மாட்டிகினு, இங்கதான், மண்ணுல குந்திகினு இருந்தாரு. 'யம்மா இங்க வா, இந்தப் பூ இன்னா கலரு சொல்லு'ன்னாரு. கிண்டல் பண்றாருன்னு நெனச்சி எனக்கு வந்துச்சி பாரு கோவம். 'ஏன் நைனா, உங்களுக்குக் கண்ணு இல்லியா'ன்னுட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?" என்றேன்.

"கோவமே படலம்மா. சிரிச்சாரு. 'கண்ணு கீதும்மா, பாத்து சொல்ற ஆளுதான் இன்னிக்கு வரல'ன்னாரு. 'கண்ணுல கட்டு போட்டுகினு வூட்ல படுத்துகினு கீறாங்க, அவங்க இல்லாம வந்தது ஒரு கை இல்லாத மாரி கீது'ன்னாரு. பாவமா பூட்ச்சி எனக்கு. எழுந்து போயி பாத்து சொன்னேன்."

நிவேதா ஓரடி முன்னால் போனாள். "என்ன கலர்னு சொன்னீங்கம்மா?"

செங்கேணியம்மா யோசித்தார். கடலைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். "நெனப்பு இல்லியே கண்ணு. வெள்ளைன்னு சொன்னனா, ரோசுன்னு சொன்னனா... பூவு கலரு யாருக்கு ஞாபகம் கீது? அவரு மூஞ்சிதான் ஞாபகம் கீது." பிறகு என்னைப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்தார். "அந்த ஆளு... நீதானாம்மா?"

தலையசைத்தேன். "பெரியவரு நல்லா கீறாரா?" என்றார். நிவேதாதான் பதில் சொன்னாள். அவர் மீன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் சிரித்தபோது, கேட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? வேறு ஒருவரின் கண்ணைக் கடன் வாங்கினேன் என்று சொன்னால் நான் வருந்துவேன் என்று நினைத்தீர்களா? கேட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள், அது தெரிந்துவிட்டது. என்ன பதில் வந்தது என்பதற்கு இனி சாட்சி இல்லை. மணல் இல்லை, செடி இல்லை, பூ பழுப்பு. நீங்களும் இல்லை.

திரும்பும் வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். நாற்று நட்ட வயல்கள் போய்க்கொண்டிருந்தன. "பச்சை" என்று முணுமுணுத்தேன். இரண்டு வருஷமாக இப்படித்தான், எதைப் பார்த்தாலும் வாய் நிறத்தைச் சொல்லிவிடுகிறது. எந்தப் பச்சை என்று கேட்க ஆளில்லாமல் அது அப்படியே நின்றுவிடுகிறது.

நேராகக் கல்லூரிக்கே போனோம். நிவேதா அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். என் தையல், உங்கள் சீட்டு. "மேடம், நிறம் சந்தேகம்னு ஒரு குறிப்பு எழுதிடலாம். அதுதான் முறை. கட்டுரையில சேர்க்க முடியாது" என்றாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. பழைய சீட்டை அடிக்கவோ கிழிக்கவோ கூடாது, மாற்றுக் கருத்து இருந்தால் பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டிப் பெயரும் தேதியும் போட வேண்டும் என்று நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். "தப்பு பண்ணினவரும் அந்தத் தாள்லயே இருக்கட்டும், திருத்தினவரும் இருக்கட்டும்" என்பீர்கள்.

நானே எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கினேன். இத்தனை காலம் நான் சொன்ன ஒரு நிறத்தையாவது நீங்கள் நிச்சயமா என்று திருப்பிக் கேட்டதுண்டா? நீங்கள் ஒரு நாளும் காணாத சிவப்பை, காணாத ரோஸை, என் வாயிலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்துக்காக மையில் எழுதினீர்கள்.

சீட்டில் இப்படி எழுதினேன்:

'இந்தத் தொகுப்பின் மற்றத் தாள்களில் உள்ள நிறங்களை நான் பார்த்துச் சொன்னேன், அவர் எழுதினார். இந்த ஒரு பூவை நான் பார்க்கவில்லை. பார்த்தவர் வெள்ளை என்கிறார். அவர் சொல்லை ஏற்கிறேன்.'

கீழே தேதி போட்டேன். பிறகு, இடம் விட்டு விட்டு நீங்கள் கேட்டுக்கொண்டேயிருந்த என் பெயரை எழுதினேன்.